தலைகீழாகத் தொங்கினால் இடுப்புவலி தீருமா?

பலகையில் ஏறும் முன் பார்க்க வேண்டியது ரத்த அழுத்தம், கண், எலும்பு

நாற்று நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு, மூட்டை தூக்குதல் என்று விவசாய வேலை பெரும்பாலும் இடுப்பை வளைத்தே நடக்கிறது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கூடும் இடத்தில் மழைக்கு அடுத்து பேசப்படுவது இடுப்புவலிதான். எண்ணெய் தேய்த்து, ஒத்தடம் கொடுத்து, ஊசி போட்டு, மருந்துக்கடை மாத்திரை விழுங்கி அலுத்துப்போனவர்களின் கண்ணில் இப்போது புதிதாக ஒன்று படுகிறது. கணுக்காலைப் பலகையில் பூட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும் செல்போன் வீடியோக்கள்தான் அவை. ‘சில நிமிடம் தொங்கினால் விலகிய ஜவ்வு உள்ளே போய்விடும்’ என்கிறார்கள். அந்தப் பலகையின் விலையைப் பார்த்து மலைப்பவர்கள், மோட்டார் கொட்டகை உத்தரத்திலோ வேப்பமரக் கிளையிலோ கயிறு கட்டிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறார்கள்.

இந்த முறையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சிலருக்குத் தற்காலிகமாக வலி குறையும். ஆனால், ரத்த அழுத்தமும் கண் அழுத்தமும் உள்ளவர்களுக்கு இதுவே பெரிய ஆபத்தாகிவிடும். எனவே, யாருக்கு இது ஆகும், யாருக்கு ஆகாது என்று தெரிந்துகொண்ட பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும்.

பகலில் அமுங்கும்... இரவில் உப்பும்!

கழுத்திலிருந்து இடுப்பு வரை 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இடையிடையே இருக்கும் மெத்தைதான் டிஸ்க். ஊர்ப்பக்கம் இதை ‘ஜவ்வு’ என்பார்கள். வெளியே உறுதியான நார் வளையமும், உள்ளே நுங்கு போன்ற கூழும் கொண்டது இது. பகல் முழுக்க உடம்பின் எடை அழுத்துவதால், டிஸ்க்கில் உள்ள நீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். அதனால்தான் காலையில் இருந்த உயரத்தைவிட மாலையில் ஒருவர் 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை குறைந்திருப்பார். இரவு படுத்ததும் டிஸ்க் மறுபடியும் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கிறது.

சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், 1960-களில் டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து பார்த்தார். நிமிர்ந்து நிற்பதைவிட, குனிந்து எடை தூக்கும்போது டிஸ்க்கின் அழுத்தம் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறுகிறது. மல்லாந்து படுத்தால் நிற்கும்போது இருப்பதில் சுமார் கால் பங்காகக் குறைந்துவிடுகிறது. வலியுள்ளவருக்குப் படுத்ததும் சுகமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

பல ஆண்டுகள் குனிந்து சுமந்ததில் நார் வளையம் விரிசல் விட்டு, உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கி, பக்கத்தில் போகும் நரம்பை அழுத்தும்போது வலி பிட்டத்திலிருந்து கால்வரை சுண்டி இழுக்கும். இதைத்தான் ஜவ்வு விலகல் என்கிறார்கள். ஆனால், எல்லா இடுப்புவலியும் ஜவ்வு விலகல் ஆகாது. பெரும்பாலான வலி தசை, தசைநார், சிறு மூட்டுகள் ஆகியவை களைத்துப்போனதால் வருவது.

தொங்கும்போது என்ன நடக்கிறது?

நிற்கும்போது தலை, கை, மார்பு ஆகியவற்றின் எடை கீழ்முதுகை அழுத்துகிறது. தலைகீழாகத் தொங்கினால், அதே எடை கீழ்முதுகை இழுக்கிறது. எலும்புகளுக்கு நடுவே இடைவெளி சற்றுக் கூடுகிறது, இறுகிய தசை தளர்கிறது, நரம்பின் மேல் உள்ள அழுத்தம் குறையலாம். இந்த முறையின் அடிப்படை இவ்வளவுதான். இறங்கி நடக்கத் தொடங்கியதும் எடை மறுபடியும் அழுத்தும் என்பதால், கிடைத்த இடைவெளி நிலைத்து நிற்பதில்லை.

முழுக்கத் தலைகீழாகத் தொங்கினால்தான் பலன் என்பதும் தவறு. படுத்த நிலையிலிருந்து 30 டிகிரி தலைப்பக்கம் சாய்ந்தாலே, முழுதாகத் தொங்கும்போது கிடைக்கும் இழுப்பில் பாதி வந்துவிடும். பலகையில் உடம்பு உராய்வதால் அதில் கொஞ்சம் குறையும்.

இது புது யோசனையும் அல்ல. நோயாளியை ஏணியில் தலைகீழாகக் கட்டி உலுக்கும் முறை, 2,400 ஆண்டுகளுக்கு முந்தைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே இருந்தது. கூட்டம் சேர்ப்பதற்காக இப்படிச் செய்த வைத்தியர்களை அந்தக் காலத்து மருத்துவ நூலே கண்டித்திருக்கிறது. 1980-களில் அமெரிக்காவில் கொக்கி வைத்த காலணியை மாட்டிக்கொண்டு கம்பியில் தொங்குவது பெரிய மோகமாக இருந்தது.

ஆய்வுகள் சொல்வது...

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், ஒரே ஒரு டிஸ்க் மட்டும் பிதுங்கி ஆபரேஷனுக்குக் காத்திருந்தவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2012-ல் வெளியான இந்த ஆய்வில், 13 பேர் பிசியோதெரபியுடன் சேர்த்து தலைகீழ் பலகையையும் பயன்படுத்தினார்கள். அவர்களில் 10 பேருக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. பிசியோதெரபி மட்டும் பெற்ற பிரிவில் இரண்டு பேர்தான் ஆபரேஷனைத் தவிர்க்க முடிந்தது. விளம்பரங்கள் தூக்கிப்பிடிப்பது இந்த ஆய்வைத்தான். ஆனால், இதில் பங்கேற்றவர்கள் சுமார் இரண்டு டஜன் பேர்தான். தேர்ந்தெடுத்த நோயாளிகளை மருத்துவர் கண்காணிப்பில் வைத்துச் செய்த முன்னோட்ட ஆய்வு இது.

முதுகை இழுத்து வைத்தியம் செய்யும் டிராக்‌ஷன் முறைகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, இடுப்புவலிக்கு இவற்றால் சொல்லிக்கொள்ளும்படியான பலன் இல்லை என்று 2013-ல் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்புவலிக்காக 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் டிராக்‌ஷனைப் பரிந்துரைக்கவில்லை. உடற்பயிற்சியையும், வலியைப் பற்றிப் புரியவைப்பதையும்தான் முன்வைக்கிறது.

ஆக, சிலருக்குச் சில நேரம் இளைப்பாறுதல் தரும் துணை முறையாக இதைக் கருதலாம். விலகிய ஜவ்வை நிரந்தரமாக உள்ளே தள்ளும் மருத்துவமாகக் கருதக் கூடாது.

கண்ணுக்கும் மூளைக்கும் ஏறும் அழுத்தம்

தலை கீழே போனதும் ரத்தம் தலைப்பக்கம் தேங்கும். முகம் சிவந்து கண் பிதுங்குவதுபோல இருக்கும். தலைப்பகுதி ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடும். ஆரோக்கியமான இளைஞர் இதைச் சில நிமிடங்கள் தாங்கிக்கொள்வார். ஏற்கெனவே ரத்த அழுத்தம் உள்ளவருக்கு மூளை ரத்தக் குழாய் தாங்காமல் போகலாம். கிராமங்களில் ரத்த அழுத்தம் இருப்பதே தெரியாமல் வேலை செய்துகொண்டிருப்பவர்கள் ஏராளம். ‘எனக்கு பி.பி எல்லாம் இல்லை’ என்று வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது. அளந்து பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்ல முடியும்.

கண்ணைப் பொறுத்தவரை சென்னையிலேயே ஆதாரம் இருக்கிறது. சங்கர நேத்ராலயா மருத்துவர்கள், யோகாப் பயிற்சி உள்ள 75 பேரைச் சிரசாசனம் செய்யவைத்து கண் அழுத்தத்தை அளந்தார்கள். 2006-ல் வெளியான அந்த ஆய்வில், தலைகீழாக நின்றபோது கண் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. குளுக்கோமா என்னும் கண் அழுத்த நோய் உள்ளவருக்கு இப்படி அடிக்கடி ஏறுவது பார்வை நரம்பைப் பாதிக்கலாம். அந்த நோய் ஆரம்பத்தில் வலியோ சிவப்போ காட்டாது என்பதுதான் சிக்கல்.

யார் தொங்கவே கூடாது?

• ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள். பக்கவாதம் ஒரு முறையாவது வந்தவர்கள்

• குளுக்கோமா, விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள். சர்க்கரை நோயால் கண் பாதிக்கப்பட்டவர்கள். அண்மையில் கண் ஆபரேஷன் செய்தவர்கள்

• ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள்

• எலும்பு மெலிந்தவர்கள், எலும்பு முறிந்தவர்கள், முதுகில் கம்பியோ திருகாணியோ வைத்தவர்கள்

• குடலிறக்கம் உள்ளவர்கள், உணவு எதுக்களித்து நெஞ்செரிச்சல் வருபவர்கள்

• கர்ப்பிணிகள்

• காதில் சீழ், தலைசுற்றல் உள்ளவர்கள்

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்திருப்பது பல நேரம் வெளியே தெரியாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் மூத்த பெண்கள் இதைக் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும்.

மருத்துவர் அனுமதித்தால்... இப்படித்தான்!

ரத்த அழுத்தமும் கண்ணும் பரிசோதித்து, எலும்பு மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ சரி என்று சொன்னால் மட்டும் முயன்று பார்க்கலாம். முதல் முறை பிசியோதெரபி மையத்தில் செய்து பார்ப்பது நல்லது. பலருக்கு இது ஒத்துக்கொள்வதில்லை என்பதால், பலகை வாங்கும் செலவும் மிச்சமாகும்.

1. பக்கத்தில் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். தனியாக ஏறி, திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

2. பலகையைச் சமதளத்தில் வைத்து, கணுக்கால் பூட்டை இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். சாய்வு எல்லையைக் கட்டுப்படுத்தும் பட்டையை மாட்டிய பிறகே சாய வேண்டும்.

3. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

4. முதல் வாரம் 15 முதல் 20 டிகிரி சாய்வும், 1 நிமிடமும் போதும். ஒத்துக்கொண்டால் மருத்துவர் சொல்லும் அளவுக்கு மெல்லக் கூட்டலாம்.

5. மூச்சை அடக்கக் கூடாது. தொங்கியபடி உடம்பை எக்கி எழும் பயிற்சிகள் வேண்டவே வேண்டாம்.

6. தலைவலி, கண்ணில் பாரம், பார்வை மங்கல், காதடைப்பு, நெஞ்சு படபடப்பு, காலில் புதிதாக வலி என எது வந்தாலும் உடனே நிறுத்த வேண்டும்.

7. எழும்போது முதலில் படுக்கை மட்டத்துக்கு வந்து ஒன்றிரண்டு நிமிடம் கிடந்து, பிறகு நிமிர வேண்டும். சட்டென்று நிமிர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும்.

8. இறங்கியதும் மூட்டை தூக்கவோ மண்வெட்டி பிடிக்கவோ போகக் கூடாது.

உத்தரம், மரக்கிளை, டிராக்டர் டிரெய்லர் என்று எதிலும் கயிறு கட்டித் தொங்கவே கூடாது. முடிச்சு நழுவினால் முதலில் தரையில் மோதுவது தலையும் கழுத்தும்தான். கழுத்துத் தண்டுவடம் அடிபட்டால் கைகால் செயலிழந்துபோகும்.

தலை கீழே போகாமலே ஓர் இளைப்பாறல்

ரத்த அழுத்தம் உள்ளவருக்கும் ஏற்ற எளிய வழி ஒன்று உண்டு. தரையில் பாய் விரித்து மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலி மீதோ தாழ்வான கட்டில் மீதோ வைக்க வேண்டும். இடுப்பும் முழங்காலும் செங்கோணமாக மடங்கியிருக்கும். இப்படி 10 நிமிடம் கிடந்தால் கீழ்முதுகின் சுமை நன்றாகக் குறையும். மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போது ஒரு முறை, மாலையில் ஒரு முறை செய்யலாம். காசு செலவில்லை, கண்ணுக்கும் மூளைக்கும் ஆபத்தில்லை.

அடுத்தது நடை. இடுப்புவலி வந்து குணமான 701 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. வாரம் 5 நாள், தினம் 30 நிமிட நடையை இலக்காக வைத்துப் படிப்படியாகக் கூட்டியவர்களுக்கு, வலி திரும்பி வர ஆன இடைவெளி நடுமதிப்பாக 208 நாள்கள். நடைத் திட்டம் இல்லாதவர்களுக்கு 112 நாள்கள். ‘நாள் முழுக்க வயலில்தானே நடக்கிறோம்’ என்று தோன்றலாம். சேற்றில் குனிந்தபடி நகர்வதும், கைவீசி நிமிர்ந்து நடப்பதும் முதுகுக்கு ஒன்றல்ல.

வயலில் மாற்ற வேண்டியவை

காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் டிஸ்க் நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும். அந்த நேரத்தில் குனிந்தால் அதன் மேல் விழும் அழுத்தம் அதிகம். அதிகாலைக் குனிதலைத் தவிர்த்தவர்களுக்கு வலி குறைந்ததாக ஆய்வும் உண்டு. பால் கறப்பவர்களுக்கு இது சிரமம்தான். எழுந்ததும் சாணி அள்ளக் குனியாமல், கொஞ்சம் நடந்து, நின்று செய்யும் வேலைகளை முடித்துவிட்டுத் தொழுவத்துக்குப் போகலாம். குந்தி உட்காருவதற்குப் பதிலாகச் சிறு முக்காலியில் உட்கார்ந்து, மாட்டை ஒட்டியபடி கறக்கலாம்.

யூரியா மூட்டை 45 கிலோ, டி.ஏ.பி மூட்டை 50 கிலோ. வயது வந்த ஆண் ஒருவர் வழக்கமாகச் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்கிறது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் பரிந்துரை. வலி உள்ளவர் அந்த எல்லை வரை போகக் கூடாது. மூட்டையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம், இருவராகத் தூக்கலாம், தள்ளுவண்டியில் நகர்த்தலாம். தூக்கியே ஆக வேண்டுமானால் முழங்காலை மடக்கி, சுமையை வயிற்றோடு ஒட்டிப் பிடித்து எழ வேண்டும். தூக்கியபடி இடுப்பை முறுக்கித் திரும்பாமல், பாதத்தையே எடுத்துவைத்துத் திரும்ப வேண்டும்.

16 லிட்டர் தெளிப்பானில் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. பாதி நிரப்பி இரண்டு நடையாக அடிப்பது முதுகுக்கு நல்லது. கைத்தெளிப்பானைத் தரையிலிருந்து தூக்கி மாட்டாமல், திண்ணையிலோ மேடையிலோ வைத்து மாட்டிக்கொள்ள வேண்டும். வரிசை நடவு செய்த வயலில் கோனோவீடர் ஓட்டினால் நின்றபடியே களையெடுக்கலாம். மண்வெட்டி, களைக்கொத்துக்கு நீளமான காம்பு போட்டால் குனிவது குறையும். குனிந்தே செய்ய வேண்டிய நடவு போன்ற வேலையில், அரை மணிக்கு ஒரு முறை வரப்பேறி, இடுப்பில் கைவைத்து மெல்லப் பின்னால் ஐந்து முறை வளைந்தால் போதும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை

சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தன்னை அறியாமல் சிறுநீரோ மலமோ போவது, இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது ஆகியவை நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளங்கள். இதில் ஒரு நாள் தாமதமும் நிரந்தர ஊனமாகலாம். 108 ஆம்புலன்ஸை அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தென்னை, பனையிலிருந்து விழுந்தபின் வரும் வலி, மூத்தவர்கள் வழுக்கி விழுந்தபின் வரும் வலி, காய்ச்சலோடு வரும் வலி, உடம்பு இளைப்பதோடும் இரவில் தூங்கவிடாமலும் வரும் வலி ஆகியவற்றையும் சாதாரண இடுப்புவலியாக எண்ணக் கூடாது. காசநோய் நுரையீரலில் மட்டுமல்ல, முதுகெலும்பிலும் வரும். அரித்துப்போன எலும்போடு தலைகீழாகத் தொங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சிகிச்சை தருகிறார்கள்.

வழக்கமாக எழும் கேள்விகள்

பல ஆண்டுகளாகச் சிரசாசனம் செய்பவர் தொடரலாமா?
ரத்த அழுத்தம், கண் அழுத்தம் இரண்டும் சரியாக இருந்து, முறைப்படி கற்றவர் மருத்துவரைக் கேட்டுத் தொடரலாம். ஆனால், இடுப்புவலிக்கான வைத்தியமாக நடுவயதில் புதிதாகத் தொடங்கக் கூடாது. அதில் உடம்பின் எடை கழுத்தில் இறங்குகிறது.

ஸ்கேனில் ஜவ்வு விலகியிருப்பதாக வந்தால் ஆபரேஷன்தானா?
இல்லை. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் வலி தணிந்துவிடும். பிதுங்கிய பகுதி தானாகவே சுருங்குவதும் உண்டு. வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் ஜவ்வுப் பிதுக்கம் தெரிவது சாதாரணம். கால் பலம் குறைந்தாலோ, வலி விடாமல் நீடித்தாலோதான் ஆபரேஷன் பற்றிப் பேச்சு வரும்.

படுத்த படுக்கையாக ஓய்வெடுக்க வேண்டுமா?
கடும் வலியில் ஒன்றிரண்டு நாள் போதும். அதற்கு மேல் படுத்தால் தசை பலமிழந்து வலி நீளும். வீட்டுக்குள் நடமாடி, வேலையை மெல்லக் கூட்ட வேண்டும்.

இடுப்பு பெல்ட் போட்டு வேலை செய்யலாமா?
நாள்பட்ட வலிக்கு பெல்ட்டை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. பெல்ட் இருக்கிறதே என்ற தைரியத்தில் கூடுதல் சுமை தூக்குவது இன்னும் கெடுதல்.

மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?
டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் தொடர்ந்து சாப்பிட்டால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவருக்குச் சிறுநீரக ஆபத்து கூடுதல்.

முதல் வேலை பரிசோதனை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடு தேடி வரும் பணியாளர்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறார்கள். தேவைப்படுபவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் கிடைக்கிறது. அடுத்த முறை அவர்கள் ஊருக்கு வரும்போது, வயலில் இருந்தாலும் ஒரு நடை வீட்டுக்கு வந்து கையை நீட்ட வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடியும் அந்தப் பரிசோதனை, தலைகீழாகத் தொங்கலாமா கூடாதா என்பதற்கு முதல் பதிலைச் சொல்லிவிடும்.